மணியோடு பூங்காவுக்கு: ஜோகன்னஸ்பர்க்கில் முதன்முதலாக நாய் வளர்ப்பவர்களுக்கு

ஜோகன்னஸ்பர்க்குக்கு வேலைக்காக வந்த தமிழ்க் குடும்பங்களில் எனக்குத் தெரிந்த பலர் இங்கே வந்த பிறகுதான் முதன்முதலாக நாய் வளர்க்கிறார்கள். ஊரில் தெரு நாய்க்குச் சோறு வைத்திருப்போம். அது நம் வீட்டு வாசலிலேயே படுத்திருக்கும், அதற்கு ஒரு பெயரும் வைத்திருப்போம். ஆனால் அதைக் காரில் ஏற்றிப் பூங்காவுக்குக் கொண்டுபோய், முன்பின் தெரியாத இருபது நாய்களுக்கு நடுவே நடத்திக்கொண்டு போவது நமக்குப் பழக்கமில்லாத வேலை. இங்கே வீட்டைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் சுவர், அதன் மேல் மின்வேலி. சுவருக்குள்ளேயே கிடக்கிற நாய்க்குக் காலாற நடக்கவும் ஆசைதீர முகரவும் கிடைக்கிற இடம் பூங்காதான்.

எங்கள் நாய் மணியை ஒரு விலங்குக் காப்பகத்திலிருந்து எடுத்து வந்தோம். அப்போது அவனுக்கு ஒன்றரை வயது இருக்கும். வந்த முதல் வாரத்திலேயே, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, டெல்டா பூங்காவில் கயிற்றை அவிழ்த்து விட்டுவிட்டேன். மற்ற நாய்களெல்லாம் அவிழ்ந்து திரிகின்றனவே என்ற எண்ணம். நாற்பது நிமிடம் அவனைக் காணவில்லை. பிராம்ஃபோன்டைன் ஓடையின் மறுகரையில், சேறு பூசிய காலோடு, யாரோ ஒரு பெரியவர் அவனுடைய கழுத்துப்பட்டையைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தார். அந்த நாற்பது நிமிடம் நான் பட்ட பாடு வேறு யாருக்கும் வரக்கூடாது. அன்றிலிருந்து நான் கற்றுக்கொண்டவற்றைத்தான் வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் ஊசி

பூங்காவை நினைக்கும் முன் கால்நடை மருத்துவரைப் பாருங்கள். குட்டி என்றால், குட்டிகளுக்கான தடுப்பூசி வரிசை முடியும்வரை பொது இடத்தில் தரையில் விடக்கூடாது. கடைசி ஊசி ஏறக்குறைய பதினாறு வாரத்தில் போடுவார்கள். அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு வாரம் பொறுக்க வேண்டும். பார்வோ என்ற வைரஸ் மண்ணில் பல மாதம் உயிரோடு கிடக்கும். நோயுற்ற நாய் என்றைக்கோ போன இடத்தை இன்று உங்கள் குட்டி முகர்ந்தால் போதும். அதுவரை குட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு போய், காரின் பின்கதவைத் திறந்து வைத்து, மடியில் உட்காரவைத்து வேடிக்கை காட்டலாம். சைக்கிள், குடை, தள்ளுவண்டி, பெரிய நாயின் குரைப்பு எல்லாவற்றையும் தூரத்திலிருந்து பார்த்துப் பழகிக்கொள்ளும்.

ரேபிஸ் என்கிற வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி இங்கே சட்டப்படி கட்டாயம். 1984ஆம் ஆண்டின் விலங்கு நோய்ச் சட்டத்தின்கீழ் ஒவ்வொரு நாய்க்கும் மூன்று மாதத்தில் முதல் ஊசி, ஓராண்டுக்குள் இரண்டாவது, அதன்பின் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. டர்பன் இருக்கிற குவாசுலு-நட்டால் மாகாணத்தில் நாய்களிடையே ரேபிஸ் நெடுங்காலமாகவே இருந்துவருகிறது. டிசம்பர் விடுமுறைக்கு டர்பன் உறவினர் வீட்டுக்கு நாயையும் கூட்டிப்போகிறவர்கள் தடுப்பூசி அட்டையைக் காரிலேயே வைத்திருங்கள்.

அடுத்தது உண்ணி. நம் ஊர் உண்ணியை நினைத்துக்கொண்டு இங்கே அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். இங்குள்ளவர்கள் ‘பிலியரி’ என்று சொல்கிற நோயை உண்டாக்குவது பபீசியா ரோசி என்ற ஒட்டுண்ணி. நாய்களைத் தாக்கும் பபீசியா வகைகளிலேயே கொடியது அது. ‘மஞ்சள் நாய் உண்ணி’ என்கிற உண்ணி கடிக்கும்போது அந்த ஒட்டுண்ணி இரத்தத்துக்குள் போய்ச் சிவப்பணுக்களை அழிக்கிறது. கடித்த ஒன்று முதல் மூன்று வாரத்தில் நாய் சோர்ந்து படுக்கும், சாப்பிடாது, காய்ச்சல் அடிக்கும், ஈறு வெளுத்துப்போகும், சிறுநீர் கருஞ்சிவப்பாக இறங்கும். நாய்க்கு எங்கே அடிபட்டாலும் காலைத்தான் நொண்டும் என்பார்கள். அதுபோல இதன் தொடக்கமும் வெறும் அசதியாகத்தான் தெரியும். ஆகவே நல்ல நாளிலேயே உங்கள் நாயின் உதட்டைத் தூக்கி ஈறு என்ன நிறம் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அது வெளுத்திருக்கும் நாளில் அப்போதுதான் உங்களுக்குத் தெரியவரும். வெளுத்திருந்தால் மறுநாள்வரை காத்திருக்காமல் அன்றிரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ கொடுக்கிற உண்ணி மாத்திரை இருக்கிறது. அதைக் குளிர்காலத்திலும் நிறுத்தாதீர்கள்.

இன்னொரு விஷயம் நம்மவர்கள் அதிகம் கேள்விப்பட்டிராதது. ஸ்பைரோசெர்கா என்ற புழு. நாயின் மலத்தில் இதன் முட்டை இருக்கும். சாணி வண்டு அந்த மலத்தை உருட்டித் தின்னும். அந்த வண்டை இன்னொரு நாய் கவ்வித் தின்றால், புழு அதன் இரத்தக் குழாய்ச் சுவர் வழியாக ஊர்ந்து உணவுக்குழாயை அடைந்து கட்டியாகிவிடும். சில நாய்களுக்கு அது புற்றுநோயாகவே மாறுகிறது. பூங்காவில் மலத்தை அள்ளுவது நாகரிகத்துக்காக மட்டும் என்று நினைத்திருந்தேன். இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஒருமுறைகூட அள்ளாமல் வந்ததில்லை. புழு மருந்து கேட்கும்போது இந்தப் புழுவுக்கும் சேர்த்துக் கேளுங்கள். எல்லா மருந்தும் இதைக் கட்டுப்படுத்தாது.

கருத்தடை செய்யாத பெட்டை நாய் பருவத்துக்கு வந்திருக்கும்போது, ஏறக்குறைய மூன்று வாரம், பூங்காப் பக்கமே போகாதீர்கள். தோலுக்கடியில் வைக்கிற அடையாளச் சில்லான மைக்ரோசிப் போட்டிருந்தால் அதில் பதிந்திருப்பது உங்கள் இப்போதைய கைப்பேசி எண்தானா என்று பாருங்கள். காப்பகத்து நாய்களுக்குப் பெரும்பாலும் சிப் இருக்கும். ஆனால் எண்ணை மாற்றிக்கொள்வது நம் பொறுப்பு. கழுத்துப்பட்டையில் எண் பொறித்த தகடும் வேண்டும். மணியைப் பிடித்து வைத்திருந்த பெரியவர் அந்தத் தகட்டைப் பார்த்துத்தான் என்னை அழைத்தார்.

ஒரே ஒரு சொல்

வீட்டுக்குள்ளேயே, பூங்காவுக்குப் போகுமுன், கூப்பிட்டால் வரப் பழக்க வேண்டும். அதற்கு ஒரே ஒரு சொல்லைத் தேர்ந்தெடுங்கள். எங்கள் வீட்டில் முதல் மாதம் நான் ‘இங்க வா’ என்பேன், கணவர் ‘கம்’ என்பார், ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் ‘வாடா ராசா’ என்பார், தோட்டவேலைக்கு வருகிறவர் விசில் அடிப்பார். மணி யார் முகத்தைப் பார்ப்பான்? பிறகு எல்லோரும் ‘வா’ என்று மட்டும் சொல்வது என்று முடிவு செய்தோம். தோட்டக்காரருக்கும் அதையே சொல்லிக்கொடுத்தோம்.

தமிழ்ச் சொல்லை வைத்துக்கொள்வதில் ஒரு நன்மை உண்டு. பூங்காவில் நாலாபுறமும் ‘கம், கம்’ என்ற கூப்பாடு கேட்டுக்கொண்டே இருக்கும். யார் யாரையோ கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு நாய்க்கு அந்தச் சொல் தேய்ந்துபோய்விடும். ‘வா’ என்று அங்கே நம்மைத் தவிர வேறு யாரும் கத்தப்போவதில்லை.

வந்தவுடன் ஏதாவது கொடுங்கள். வேகவைத்த கோழி ஈரல், உப்பில்லாமல், விரல்நுனி அளவு. சைவக் குடும்பமென்றால் பன்னீர்த் துண்டோ பூசணித் துண்டோ போதும், மணி பூசணிக்கே பறப்பான். சமையலில் மீந்ததைக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். வெங்காயம் நாய்க்கு நஞ்சு, நம் சமையலில் அது இல்லாத பண்டம் ஏது? திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்ந்த சூயிங்கம் ஆகியவையும் ஆகாது. இன்னொன்று: திட்டுவதற்காக ஒருபோதும் ‘வா’ என்று கூப்பிடாதீர்கள். குளிப்பாட்டவோ நகம் வெட்டவோ வேண்டுமானால் நீங்கள் அதனிடம் போங்கள். அந்தச் சொல்லைக் கேட்டு வந்தால் நல்லதே நடக்கும் என்ற நம்பிக்கை நாய்க்கு உடையவே கூடாது.

முதல் நாள், நாயில்லாமல்

இதைச் சொன்னால் பலர் வியக்கிறார்கள். ஆனால் புதியவர்களுக்கு நான் தரும் முதல் யோசனை இதுதான்: முதல் தடவை நாயை வீட்டில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போய்வாருங்கள்.

வாயிலில் பலகை இருக்கும். நின்று படியுங்கள். எந்தப் பகுதியில் கயிறில்லாமல் விடலாம், எங்கே கயிறு கட்டாயம் என்பது பூங்காவுக்குப் பூங்கா மாறும். ஒரே பூங்காவுக்குள்ளும் மாறும். எமரென்ஷியாவில் அணையும் தாவரவியல் பூங்காவும் ஒட்டியே இருக்கின்றன. ரோஜாத் தோட்டத்துப் பக்கம் திருமணப் படம் எடுக்க வந்திருப்பார்கள், தண்ணீரில் படகு ஓட்டுவார்கள், அந்த இடமெல்லாம் புது நாய்க்கு ஏற்றதல்ல. டெல்டா பூங்கா ஒரு காலத்தில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமாக இருந்த இடம். இப்போது விரிந்த புல்வெளியும் யூக்கலிப்டஸ் மரங்களுமாகக் கிடக்கிறது. பரப்பு பெரியது என்பதே புது நாய்க்கு ஆபத்தும்கூட. மெல்ரோஸ் சிவசுப்பிரமணியர் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு ஜேம்ஸ் அண்ட் எதெல் கிரே பூங்கா தொலைவில்லை. கோயிலுக்குப் போன ஒரு வெள்ளிக்கிழமை அங்கே சும்மா ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள். உங்கள் பக்கத்தில் நாலு பக்கமும் வேலி போட்ட சின்ன நாய்ப் பூங்கா இருந்தால், தொடக்கத்துக்கு அதைவிட நல்ல இடமில்லை.

வேலி எங்கே அறுந்திருக்கிறது, ஓடை எங்கே, எந்தப் பக்கம் போனால் சாலை, நிழல் எங்கே, எந்த நேரத்தில் எந்த மாதிரி நாய்கள் வருகின்றன என்பதையெல்லாம் கையில் நாய் இருந்தால் பார்க்க முடியாது. ஓடைத் தண்ணீரை நாய் குடிக்க விடாதீர்கள். மழைக்குப் பிறகு நகரத்தின் கழிவெல்லாம் அதில்தான் இறங்குகிறது.

நேரம்

சனி, ஞாயிறு காலை வேண்டாம். டெல்டாவில் சனிக்கிழமை எட்டு மணிக்குப் பார்க்ரன் என்ற வாராந்தரப் பொது ஓட்டம் நடக்கும். 2011இல் இந்த நாட்டிலேயே முதலாவதாக அது தொடங்கியது அங்கேதான். நூற்றுக்கணக்கான கால்கள் ஓடுகிற இடத்தில் புது நாய் பதறிப்போகும். வார நாளில், நன்றாக வெளிச்சம் வந்த பிறகு காலை ஏழு, ஏழரைக்குப் போனால் ஆள் குறைவு. இருட்டில் தனியாகப் போகவே வேண்டாம். அது நாய்க்காகச் சொல்வதல்ல, உங்களுக்காக. கைப்பேசியை உள்பையில் வையுங்கள், நகையைக் கழற்றி வீட்டில் வையுங்கள், முடிந்தால் துணையோடு போங்கள். கார் நிறுத்துமிடத்தில் மஞ்சள் மேலங்கி போட்டவர் காரைப் பார்த்துக்கொள்வார். திரும்பும்போது ஐந்தோ பத்தோ ரேண்ட் கொடுப்பது இங்குள்ள வழக்கம். நாங்கள் போகிற இடத்தில் இருப்பவர் எந்த நாய் எந்த நேரம் வரும், எது சண்டைக்காரன் என்று எல்லாம் சொல்வார். அவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு உள்ளே போங்கள்.

கோடையில், அக்டோபர் முதல் மார்ச் வரை, பிற்பகல் மழை இடியோடுதான் வரும். மேற்கே மேகம் கறுத்தால் கிளம்பிவிடுங்கள். முதல் இடிக்குப் பிறகு கூப்பிட்டால் எந்த நாயும் வராது. தீபாவளி வாரத்திலும், அதையொட்டி வருகிற ஆங்கிலேயர் வழக்கப்படி வெடி வெடிக்கிற கை ஃபாக்ஸ் நாளான நவம்பர் 5இலும், புத்தாண்டு இரவிலும் அந்திக்குப் பிறகு நாயை வெளியே கொண்டுபோகவே கூடாது. வெடிச்சத்தத்தில் ஓடிப்போன நாய்களைத் தேடும் அறிவிப்புகள் அந்த நாட்களில் மரத்துக்கு மரம் ஒட்டியிருக்கும். அவற்றில் சில நம் வீட்டுப் பண்டிகையால் ஓடியவை என்பது எனக்கு ஒவ்வோர் ஆண்டும் வலிக்கிறது.

கையில் என்ன வேண்டும்

ஒன்றரை, இரண்டு மீட்டர் நீளமுள்ள சாதாரணக் கயிறு. கழுத்தில் பட்டை, நெஞ்சோடு போடுகிற ஹார்னஸ். கூடவே பத்து மீட்டர் நீளத்தில் ஒரு நீளக் கயிறு. இதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். பொத்தானை அழுத்தினால் நீண்டு சுருங்குகிற வகைக் கயிறு வேண்டாம். அது நாயின் காலிலும் மனிதர் காலிலும் சுற்றிக்கொண்டு அறுத்துவிடும். தண்ணீரும் கிண்ணமும். மலம் அள்ளப் பைகள், நினைப்பதைவிட இரண்டு கூடுதலாக. பந்து வேண்டாம், பொம்மையும் வேண்டாம். அமைதியான நாய்களும் பந்துக்காகத்தான் முட்டிக்கொள்கின்றன.

உள்ளே

பூங்காவுக்கு வந்ததும் காரிலிருந்து இறக்கி, அங்கேயே ஐந்து நிமிடம் நில்லுங்கள். மூச்சிரைத்து இழுக்கிற நாயை அப்படியே உள்ளே கொண்டுபோனால் அந்தப் பரபரப்போடுதான் மற்ற நாய்களைச் சந்திக்கும். மூச்சு அடங்கி, ஒருமுறை உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்த்த பிறகு நடக்கத் தொடங்குங்கள்.

வேலிப் பூங்காவில் இரட்டைக் கதவு இருக்கும். முதல் கதவைச் சாத்திவிட்டு, உள்கதவருகே கூடி நிற்கிற நாய்கள் விலகும்வரை காத்திருந்து, அங்கே கயிற்றைக் கழற்றி உள்ளே விடுங்கள். அவிழ்ந்த நாய்களுக்கு நடுவில் உங்கள் நாய் மட்டும் கட்டுண்டு நின்றால் அதற்குப் பயம் வரும். பின்வாங்க வழியில்லாத நாய்தான் முதலில் பல்லைக் காட்டும்.

வேலியில்லாத பெரிய பூங்காவில் முதல் ஒன்றிரண்டு மாதம் அவிழ்க்கவே வேண்டாம். அதற்குத்தான் நீளக் கயிறு. ஹார்னஸில் மாட்டித் தரையில் இழுபட விடுங்கள். நாய்க்குச் சுதந்திரமாக இருக்கும், உங்கள் காலுக்கடியில் கயிற்றின் நுனியும் இருக்கும். கழுத்துப்பட்டையில் மாட்டாதீர்கள், வேகமாக ஓடி நின்றால் கழுத்தில் அடிபடும். நடுநடுவே ‘வா’ என்று கூப்பிட்டு, வந்தால் ஈரல் கொடுத்து, மறுபடி போகவிடுங்கள். கூப்பிட்டாலே வீட்டுக்குப் போகத்தான் என்று அது நினைத்துவிடக் கூடாது. பத்து முறை கூப்பிட்டால் ஒன்பது முறை திரும்ப விளையாட அனுப்புங்கள். மணிக்கு இது நான்கு மாதம் எடுத்தது. நான்கு மாதம் நீண்ட காலமாகத் தெரியலாம், ஆனால் பன்னிரண்டு ஆண்டு கூட இருக்கப்போகிறவனுக்குச் செலவிடுகிற நான்கு மாதம் அது.

ஒரே இடத்தில் நின்று மற்றவர்களோடு பேசிக்கொண்டிருக்காமல் நடந்துகொண்டே இருங்கள். நிற்கிற இடத்தில்தான் நாய்கள் கூட்டமாகச் சேர்ந்து, ஒன்றைப் பல நாய்கள் விரட்ட ஆரம்பிக்கும். முதல் வாரங்களில் இருபது நிமிடம் போதும். நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும்போதே கூட்டி வந்துவிடுங்கள்.

எதிரே ஒருவர் நாயோடு வந்தால் தூரத்திலிருந்தே குரல் கொடுத்துக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்று கைகாட்டினால் விலகிப்போங்கள், வருத்தப்பட ஒன்றுமில்லை. சிலர் கயிற்றில் மஞ்சள் நாடா கட்டியிருப்பார்கள். என் நாய்க்கு இடம் விடுங்கள் என்று பொருள். சந்திக்கவிட்டால், வளைந்து பக்கவாட்டில் போய் ஒன்றை ஒன்று முகர்வது நல்ல அறிகுறி. முன்காலைத் தாழ்த்திப் பின்புறத்தைத் தூக்கினால் விளையாடக் கூப்பிடுகிறது. உடம்பு விறைத்து, வால் மேலே நட்டுக்கொண்டு, கண் இமைக்காமல் நேராகப் பார்த்தால் அந்த நொடியே கூப்பிட்டு நகருங்கள். குரைக்கிற நாய் கடிக்காது என்ற பழமொழியை நம்பி இருந்துவிட முடியாது. ஆனால் அதில் ஓர் உண்மை இருக்கிறது: சத்தமே போடாமல் விறைத்து நிற்கிற நாயைத்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். உறுமுகிற நாயைத் திட்டாதீர்கள். உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை அடக்கிப் பழக்கினால் அடுத்த தடவை எச்சரிக்காமலே கடிக்கும்.

விளையாட்டில் மாற்றி மாற்றித் துரத்துகின்றனவா என்று பாருங்கள். ஒன்றே துரத்தி ஒன்றே ஓடினால், வால் கவட்டுக்குள் போய்விட்டால், நிறுத்துங்கள். இங்கே ரிட்ஜ்பேக், போர்புல் போன்ற பெரிய இனங்கள் அதிகம். அவை நல்லெண்ணத்தோடு காலைத் தூக்கி வைத்தாலே சின்ன நாயின் முதுகு நொறுங்கிவிடலாம். சின்ன நாய் வைத்திருப்பவர்கள் அதற்கென்று தனி இடமோ நேரமோ பார்த்துப் போவது நல்லது.

பூங்கா முதலில் மனிதர்களுக்கு

டெல்டாவுக்குள் ஓடையோரமாக ஒரு பாதை போகிறது. காலையில் வேலைக்குப் போகிறவர்கள் அந்த வழியாக நடந்து வருவார்கள். வீட்டுவேலை செய்கிற அம்மாக்கள், தோட்டக்காரர்கள், காவல்காரர்கள். அவர்களுக்கு அது உலாவுகிற இடமல்ல, பலர் சேர்ந்து வருகிற சிற்றுந்து டாக்ஸியிலிருந்து இறங்கி வேலைக்குப் போகிற குறுக்குவழி.

ஒரு நாள் காலையில் எங்கள் மணி, அப்போது கயிறில்லாமல் நன்றாகவே பழகிவிட்டிருந்தான், அந்தப் பாதையில் வந்த ஒரு பெண்ணை நோக்கி வாலாட்டிக்கொண்டு ஓடினான். அவர் அலறிப் பெஞ்சின் மேல் ஏறிவிட்டார். சாப்பாட்டு டப்பா கீழே விழுந்து திறந்து, மதியச் சோறு புல்லில் கொட்டிவிட்டது. நான் ஓடிப்போய்ப் பிடித்து, “பயப்படாதீங்க, அவன் ஒண்ணும் செய்யமாட்டான்” என்ற பொருளில் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் நடுக்கம் நிற்காமலே சொன்னார்: “அது உனக்குத் தெரியும், தாயே. எனக்கு எப்படித் தெரியும்?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டேன், சாப்பாட்டுக்குப் பணம் கொடுத்தேன், பாதை முடியும்வரை அவரோடு நடந்தேன். இந்த நாட்டில் நாய் என்பது பலருக்கு வெறும் வளர்ப்புப் பிராணி அல்ல. நிறவெறி ஆட்சிக் காலத்தில் காவல்துறை கறுப்பின மக்கள் மீது நாய்களை ஏவியது. அதைப் பார்த்தவர்களும் கடிபட்டவர்களும் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், தங்கள் பிள்ளைகளுக்கு எச்சரிக்கை சொல்லி வளர்த்திருக்கிறார்கள். நம் வீட்டுச் சுவருக்குள் நாய் யாரைப் பார்த்துக் குரைக்கிறது, யாரைப் பார்த்துக் குரைப்பதில்லை என்பதையும் கவனியுங்கள். குறிப்பிட்ட நிறத்தவரைப் பார்த்து மட்டும் குரைக்கிற நாய் அதை நம்மிடமிருந்தோ நம் மதில் வாழ்க்கையிலிருந்தோ கற்றுக்கொண்டது. மற்ற மனிதர்கள் தூரத்தில் வரும்போது ஈரல் கொடுத்து, அமைதியாகக் கடந்துபோகப் பழக்கினால் அது மாறும்.

ஆகவே, உங்கள் நாய் எவ்வளவு சாதுவாக இருந்தாலும், நாயில்லாத மனிதர் ஒருவர் ஐம்பது அடிக்குள் வந்தால் கூப்பிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். குழந்தை வந்தாலும் அப்படியே. நம் சமூகத்திலும் நாய் என்றால் நடுங்குகிறவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள். இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழ்கிற லெனேசியாவிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிற ஒரு பாட்டி, மணியைக் கட்டிவிட்டோம் என்று கைப்பேசியில் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் காரைவிட்டு இறங்குவார். அவருக்குக் கொடுக்கிற மரியாதையைப் பூங்காவில் நடக்கிற முகம் தெரியாத அம்மாவுக்கும் கொடுப்போம்.

சண்டை வந்தால்

பெரும்பாலான சண்டை சத்தம்தான், சில நொடியில் முடிந்துவிடும். கையை நடுவில் விடாதீர்கள். உங்கள் நாயே உங்களைக் கடித்துவிடும், யார் கை என்று பார்க்கிற நிலையில் அது இருக்காது. கழுத்துப்பட்டையைப் பிடிக்கப் போய்த்தான் பலருக்கு விரல் போகிறது. தண்ணீரை முகத்தில் ஊற்றுங்கள், மேல்சட்டையைத் தலைமேல் வீசுங்கள். விடாமல் பிடித்துக்கொண்டால், இரு உரிமையாளரும் ஒரே நேரத்தில் தத்தம் நாயின் பின்கால்களைத் தூக்கி, ஒற்றைச்சக்கரத் தள்ளுவண்டியைப் பின்னோக்கி இழுப்பதுபோல இழுத்து விலக்க வேண்டும். விலக்கியதும் உடனே கட்டுங்கள். இரு தரப்பும் எண்ணைப் பகிர்ந்துகொள்ளுங்கள், தடுப்பூசி அட்டையைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். வெளியில் சின்னப் பொத்தலாகத் தெரிகிற பல் காயம் உள்ளே பெரிதாகக் கிழிந்திருக்கும், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். நாம் போட்டுக்கொள்கிற வலி மாத்திரையை நாய்க்குக் கொடுக்கவே கூடாது.

மனிதரை எந்த நாயாவது கடித்தால், கீறினால்கூட, சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவி, நேரே மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. வருமுன் ஊசி போட்டால் தடுத்துவிடலாம்.

பாம்பைப் பற்றியும் ஒரு சொல். ஹைவெல்ட் என்கிற இந்த மேட்டுநிலப் புல்வெளிகளில் ரிங்கால்ஸ் என்ற, நஞ்சைத் துப்புகிற பாம்பு உண்டு. நாயின் கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரால் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள். மழைக்காலத்து அந்தியில் தேரையைக் கவ்விவிட்டு வாயில் நுரை தள்ளினால், தலையைத் தாழ்த்தி, தண்ணீர் தொண்டைக்குள் போகாமல் வாயின் பக்கவாட்டில் கழுவிவிட்டு மருத்துவரை அழையுங்கள். இரவுநேர விலங்கு மருத்துவமனையின் எண் கைப்பேசியில் முன்பே இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும்

காரைவிட்டு இறக்கியதும் உள்ளே விடாதீர்கள். வெளிக்குழாயடியில் நிறுத்திக் காலைக் கழுவுங்கள். நம் ஊர் நாயுருவிபோல இங்கே பிளாக்ஜாக் விதைகள் ரோமம் முழுக்க ஒட்டிக்கொண்டு வரும். அவை வெறும் தொல்லை. ஆனால் காய்ந்த புல்லின் கூர்மையான விதை காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் புகுந்து, தோலுக்குள் நகர்ந்து சீழ் பிடிக்கவைக்கும். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து உதறிக்கொண்டே இருந்தால் காதில் விதை இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே குச்சி விட்டு எடுக்காதீர்கள்.

பிறகு உண்ணி பார்க்கிற வேலை. கண்ணால் பார்த்தால் தெரியாது, விரலால்தான் தேட வேண்டும். நான் தலையிலிருந்து தொடங்குவேன்: காதின் உள்மடிப்பு, கண்ணிமை ஓரம், உதட்டடி, கழுத்துப்பட்டையைக் கழற்றி அதனடியில், அக்குள், தொடையிடுக்கு, வாலடி. கடுகளவு உருண்டை விரலில் தட்டினால் ரோமத்தை விலக்கிப் பாருங்கள். நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நேராக மெதுவாக இழுத்தால் வந்துவிடும். எண்ணெய் தடவுவது, சூடு வைப்பது எல்லாம் வேண்டாம். கையால் நசுக்காமல் ஸ்பிரிட்டில் போடுங்கள். தேதியை நாட்காட்டியில் குறியுங்கள். மூன்று வாரத்துக்குள் நாய் சோர்ந்தால் மருத்துவரிடம் சொல்ல அது உதவும்.

கால்விரல் இடுக்குகளைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தொட்டால் எல்லா நாய்க்கும் கூசும். முதல் வாரம் மணி காலை இழுத்துக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு விரலுக்கும் ஒரு துண்டு பூசணி என்று பேசிக்கொண்டோம். இப்போது குழாயடிக்கு வந்ததும் அவனே முன்காலை நீட்டிவிடுகிறான்.